எஸ்க்ரோ கடிதமும் லீஸ்பர்க் கூட்டமும்

2024 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, இட்லி வெந்துகொண்டிருந்த நேரத்தில், இரண்டு வீடு தள்ளிப் புதிதாகக் குடிவந்திருந்த தம்பி ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். முகம் சரியில்லை. "அண்ணா, லோன்காரன் மாசம் முந்நூறு டாலர் ஏத்திட்டான். முப்பது வருஷம் ஃபிக்ஸட் ரேட்னுதானே கையெழுத்து வாங்கினான்? இது எந்த ஊர் நியாயம்?"

கடிதத்தைப் பார்த்தேன். வட்டி ஒரு பைசா ஏறவில்லை. எஸ்க்ரோவில் பற்றாக்குறை. அமெரிக்காவில் வீடு வாங்கிய நம் ஆட்களில் பெரும்பாலோர் வீட்டு வரி ரசீதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கடன் கொடுத்த நிறுவனம் மாதத் தவணையோடு சேர்த்து வரிக்கும் காப்பீட்டுக்கும் ஒரு தொகையை வாங்கி எஸ்க்ரோ என்ற தனிக் கணக்கில் போட்டு வைத்து, ஜூன் 5-ஆம் தேதியும் டிசம்பர் 5-ஆம் தேதியும் நமக்குப் பதிலாக இங்குள்ள உள்ளாட்சியான லவுடன் கவுன்ட்டிக்குக் கட்டிவிடும். தம்பி வாங்கியது புதிதாகக் கட்டிய வீடு. பத்திரம் முடிந்தபோது கட்டி முடியாத வீட்டின் மதிப்பை வைத்து வரியைக் குறைவாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். முழு வீட்டுக்கும் வரி வந்ததும் வருஷத்துக்கு 1,800 டாலர் துண்டு விழுந்தது. இனிமேல் ஒழுங்காகக் கட்ட மாதம் 150, ஏற்கெனவே விழுந்த துண்டை அடைக்க மாதம் 150, ஆகமொத்தம் 300. அடுத்த வருஷம் பாதி இறங்கிவிடும் என்று சொன்னதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. காபியைக் குடித்துவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டார். "சரி அண்ணா, இந்த வரியை யார் முடிவு பண்றாங்க? அவனுங்க இதை வெச்சு என்னதான் பண்றானுங்க?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் அன்று மதியம் வரை ஓடியது, பாதியில் இட்லி தீர்ந்து தோசைக்குப் போனோம். அதையே எழுதிவை என்று வீட்டில் சொன்னதால் இந்தக் கட்டுரை. நான் கணக்காளன் இல்லை, கவுன்ட்டியில் வேலை பார்ப்பவனும் இல்லை. வாஷிங்டனுக்கு மேற்கே, வர்ஜீனியா மாநிலத்தில், டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டிய ஆஷ்பர்னில் பல வருஷமாக வரி கட்டும் மென்பொருள்காரன், அவ்வளவுதான். முதல் ஐந்து வருஷம் நானும் எஸ்க்ரோவை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தவன்தான்.

என் கண் திறந்தது 2022-இல். அந்த வருஷம் வரி விகிதத்தைக் கவுன்ட்டி குறைத்தது. 100 டாலர் மதிப்புக்கு 98 சென்ட்டாக இருந்ததை 89 சென்ட் ஆக்கினார்கள். ஒன்பது சென்ட் குறைப்பு என்று எல்லாப் பக்கமும் பேச்சு. நானும் சந்தோஷமாக இருந்தேன், ரசீது வரும்வரை. 2021-இல் என் வீட்டின் மதிப்பு 6 லட்சம் டாலர், வரி 5,880. 2022-இல் அதே வீடு, அதே கூரை, அதே ஒழுகும் குழாய், மதிப்பு 6 லட்சத்து 80 ஆயிரம். 89 சென்ட்டால் பெருக்கினால் 6,052. விகிதம் ஒன்பது சென்ட் குறைந்து வரி 172 டாலர் கூடியிருக்கிறது.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் எனக்கு எரிச்சல். விகிதம் குறைந்தது உண்மை. வரி கூடியதும் உண்மை. வர்ஜீனியா சட்டப்படி வீட்டைச் சந்தை விலைக்கே மதிப்பிட வேண்டும், லவுடனில் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதி நிலவரப்படி புதிதாகப் போடுகிறார்கள். ஆகவே சந்தை ஏறும் காலத்தில் விகிதத்தைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே வசூல் ஏறும். கொஞ்சம் குறைத்தாலும் ஏறும். என் வீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால், பழைய 5,880-ஐயே நான் கட்டுவதற்கு விகிதம் சுமார் 86 அரை சென்ட்டுக்கு இறங்கியிருக்க வேண்டும். 89-இல் நிறுத்தியது எனக்கு ஏற்றம்தான்.

இதை மாநிலச் சட்டமே தெரிந்துவைத்திருக்கிறது. மதிப்பீடு ஏறியதால் மட்டும் சொத்து வரி வசூல் ஒரு சதவீதத்துக்கு மேல் கூடும் என்றால், விகிதத்தைக் குறைத்தாலும்கூட அதை 'வரி உயர்வு' என்றே பெயரிட்டு, வசூலைச் சமப்படுத்தும் விகிதம் எது என்றும் சொல்லி அறிவிப்பு வெளியிட வேண்டும். வெளியிடுகிறார்கள். பொடி எழுத்தில், வக்கீல் மொழியில். 'விகிதம் குறைந்தது' என்பது பெரிய எழுத்தில் வரும், 'வரி உயர்வு' என்பது சட்ட அறிவிப்புகளுக்கு நடுவில் வரும். மக்களுக்கு விளக்குகிறோம் என்று நினைப்பவர்கள் இரண்டையும் ஒரே வரியில், ஒரே எழுத்தில் போட்டால் போதும், பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இதற்கு நிபுணர் குழு வேண்டாம்.

அன்று மேஜையில் என் அப்பாவும் இருந்தார். கும்பகோணம் பக்கம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர், ஆறு மாதத்துக்கு எங்களோடு இருக்க வந்திருந்தார். தம்பியின் கேள்வியைவிட அவர் கேள்விகள் கூர்மை. "கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரியா? அப்ப கலெக்டர் யாருடா?"

கலெக்டர் இல்லை அப்பா என்றேன். மேலிருந்து யாரையும் அனுப்புவதில்லை. கவுன்ட்டியின் தலைமையிடமான லீஸ்பர்க்கில் ஒன்பது பேர் கொண்ட மேற்பார்வையாளர் மன்றம் இருக்கிறது. எட்டுப் பேர் எட்டுத் தொகுதிகளிலிருந்து, தலைவர் மட்டும் கவுன்ட்டி முழுக்க ஓட்டு வாங்கி வர வேண்டும், நாலு வருஷப் பதவி. அந்த மன்றம் சம்பளத்துக்கு ஒரு நிர்வாகியை அமர்த்திக்கொள்கிறது. அவர் பிப்ரவரியில் பட்ஜெட் வரைவைக் கொண்டுவருவார், மன்றம் ஏப்ரலில் முடிவு செய்யும், ஜூலை 1-இல் நிதியாண்டு தொடங்கும். மதிப்பீடு போடுகிற வருவாய் ஆணையர், பணத்தை வாங்குகிற கருவூலர், ஷெரிஃப் எல்லாரும் தனித்தனியாகத் தேர்தலில் ஜெயித்து வருபவர்கள். மன்றம் அவர்களைப் போகச் சொல்ல முடியாது.

"அப்ப இந்த ஒன்பது பேருக்கும் ரொம்ப அதிகாரம்" என்றார் அப்பா. அங்கேதான் சிக்கல். வர்ஜீனியா 'டில்லன் விதி' மாநிலம். 1868-இல் அயோவாவில் ஜான் டில்லன் என்ற நீதிபதி எழுதிய தீர்ப்பிலிருந்து வந்தது. உள்ளாட்சிக்கென்று சொந்த அதிகாரம் கிடையாது, மாநிலம் வெளிப்படையாகக் கொடுத்ததும், அதோடு தவிர்க்கமுடியாமல் ஒட்டி வருவதும் மட்டும்தான். புது வரி ஒன்று போடத் தோன்றினால் முதலில் மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் சட்டமன்றத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். கையில் இருக்கும் பெரிய ஆயுதம் சொத்து வரிதான், அதனால்தான் எல்லாப் பாரமும் அதன் தலையில்.

அப்பா சிரித்தார். "நம்ம ஊரு மாதிரிதான். பேரு பஞ்சாயத்து, பணம் சென்னையில."

கவுன்ட்டியைத் திட்டும் பேச்சு எதைக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, இந்த முடிவு எந்த மேஜையில் எடுக்கப்பட்டது என்று. வட்டப்படம் போட்டு பள்ளிக்கு இவ்வளவு, போலீசுக்கு இவ்வளவு என்று காட்டினால் யாருக்கும் எதுவும் புரிவதில்லை. எனக்கும் புரிந்ததில்லை. ஆனால் மேஜையைக் காட்டினால் புரிகிறது, கோபமும் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது.

சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். "இவ்வளவு வரி வாங்கிட்டு ரோட்டுல பள்ளம் பாருங்க" என்பது வாராவாரம் தமிழ்ப் பள்ளி வாசலில் கேட்கும் வசனம். பள்ளத்துக்கும் கவுன்ட்டிக்கும் சம்பந்தமே இல்லை. 1932-இல், பெருமந்தத்தில் கவுன்ட்டிகள் சாலை போடக் காசில்லாமல் தவித்தபோது, வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டுக் கவுன்ட்டிச் சாலைகளை மாநிலத்தின் கைக்கு எடுத்துக்கொண்டது. வேண்டாம் என்று ஒதுங்கியிருப்பவை இன்றைக்கும் ஆர்லிங்டனும் ஹென்ரைக்கோவும்தான். மற்ற இடங்களில் பள்ளம் அடைப்பது, பனி தள்ளுவது, புல் வெட்டுவது எல்லாம் மாநிலப் போக்குவரத்துத் துறை, இங்கே எல்லாரும் சொல்கிறபடி 'வீ-டாட்'. வேடிக்கை என்னவென்றால், புதுச் சாலை போடுவதற்கும் அகலப்படுத்துவதற்கும் லவுடன் தன் பணத்தைக் கொட்டுகிறது, வீ-டாட்டை நம்பி உட்கார்ந்தால் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள் என்பதால். போட்டு முடித்ததும் பராமரிக்க வீ-டாட்டிடம் ஒப்படைத்துவிடும். டவுன்ஹவுஸ் வரிசைக்கு நடுவில் போகும் சின்னச் சந்து என்றால் பெரும்பாலும் அது இரண்டு பேருக்கும் சொந்தமில்லை, குடியிருப்போர் சங்கத்துடையது, நாம் மாதாமாதம் தனியாகக் கட்டும் எச்.ஓ.ஏ. பணம். டல்லஸ் விமான நிலையத்திலிருந்து லீஸ்பர்க் வரை போகும் கிரீன்வே சுங்கச் சாலை 1995-இல் திறந்த தனியார் சாலை. அந்தக் கட்டணத்தை ரிச்மண்டில் உள்ள மாநில ஆணையம் ஒழுங்குபடுத்துகிறது. தண்ணீர் ரசீது லவுடன் வாட்டர் என்ற தனி அமைப்பிலிருந்து. லீஸ்பர்க், பர்செல்வில் போன்ற ஏழு டவுன்களில் வீடு இருந்தால் டவுனுக்கும் ஒரு வரி உண்டு. தம்பி இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப கவுன்ட்டி என்னதான் அண்ணா பண்ணுது?" என்றார்.

பள்ளிக்கூடம் நடத்துகிறது. சரியாகச் சொன்னால், பள்ளிக்கூடம் நடத்துபவர்களுக்குப் பணம் கொடுக்கிறது.

உள்ளூர் வரிப்பணத்தில் பாதிக்கும் வெகு மேலாகப் பள்ளிகளுக்குப் போகிறது. 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஆனால் பள்ளி வாரியம் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது பேர், ஆசிரியர் சம்பளம் எவ்வளவு, வகுப்பில் எத்தனை பேர் என்பதெல்லாம் அவர்கள் முடிவு. வர்ஜீனியாவில் பள்ளி வாரியத்துக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. எவ்வளவு வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள், எவ்வளவு தருவது என்று மன்றம் சொல்லும், எதில் செலவழிப்பது என்று மறுபடி அவர்கள் சொல்வார்கள். சம்பாதிக்கிறவன் ஒருத்தன், செலவுக் கணக்கு எழுதுகிறவள் ஒருத்தி என்ற குடும்பம் மாதிரி. வருஷா வருஷம் பிப்ரவரியில் சண்டை வருவதில் ஆச்சரியமே இல்லை.

இதிலும் மாநிலத்தின் கை இருக்கிறது. ஒவ்வொரு இடமும் எவ்வளவு வசதியானது என்று சொத்து மதிப்பு, வருமானம், விற்பனை மூன்றையும் கலந்து ரிச்மண்ட் ஒரு குறியீடு போடுகிறது. வசதி கூடினால் மாநிலம் தரும் பங்கு குறையும். குடும்ப வருமானத்தில் அமெரிக்காவிலேயே முதலிடம் என்று பல வருஷமாக லவுடன் பெயர் வாங்கியிருக்கிறது இல்லையா, அதைப் பெருமையாகப் பகிர்கிறவர்கள் அதற்கான ரசீதும் கூடவே வருகிறது என்பதைச் சொல்வதில்லை.

ஊர் வளர்ந்த வேகத்தையும் பார்க்க வேண்டும். 1990-இல் மக்கள்தொகை 86 ஆயிரம். 2020-இல் 4 லட்சத்து 20 ஆயிரம். அத்தனை பேருக்கும் பள்ளி, தீயணைப்பு நிலையம், நூலகம், பூங்கா எல்லாம் முப்பதே வருஷத்தில் கட்டியாக வேண்டும். அதற்குக் கடன் பத்திரம் போட்டுப் பணம் திரட்டுகிறார்கள். பொதுக் கடன் பத்திரம் என்றால் வர்ஜீனியா அரசியல் சட்டப்படி கவுன்ட்டி மக்களிடம் ஓட்டுக்கு விட வேண்டும். நவம்பர் வாக்குச்சீட்டின் கடைசியில், கட்சிப் பெயர் எதுவும் இல்லாமல், 'இத்தனை டாலருக்கு மேற்படாமல் கடன் வாங்க அனுமதிக்கிறீர்களா' என்று ஒரு கேள்வி இருக்குமே, அதுதான். அவசரத்தில் 'ஆம்' போட்டுவிட்டு வந்து, அப்புறம் கவுன்ட்டி ஏன் கடன் வாங்குகிறது என்று கேட்பவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன்.

கார் வரிக் கதை அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது. வர்ஜீனியாவில் காருக்கும் வருஷா வருஷம் சொத்து வரி. 1997-இல் ஜிம் கில்மோர் என்பவர் இந்தக் கார் வரியை ஒழிப்பேன் என்று சொல்லியே ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார். அடுத்த வருஷம் சட்டமும் வந்தது. காரின் மதிப்பில் முதல் 20 ஆயிரம் டாலருக்கான வரியைப் படிப்படியாக மாநிலமே உள்ளாட்சிகளுக்குக் கொடுத்துவிடும் என்றது. செலவு எகிறியது. கடைசியில் வருஷத்துக்கு 95 கோடி டாலர்தான், அதற்கு மேல் கிடையாது என்று பூட்டிவிட்டார்கள். ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் அதில் மாறாத ஒரு பங்கு. கார் பெருகுகிறது, கார் விலை ஏறுகிறது, பங்கு அப்படியே நிற்கிறது, ஆகவே நம் ரசீதில் 'நிவாரணம்' என்ற வரியில் வரும் தள்ளுபடி தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. வாக்குறுதி கொடுத்தது ரிச்மண்ட், திட்டு வாங்குவது லீஸ்பர்க். "இது எனக்குப் புரியுது" என்றார் அப்பா. முப்பது வருஷ அனுபவம் பேசியது.

கவுன்ட்டி தானே, தன் மேஜையில், தன் பொறுப்பில் எடுத்த பெரிய முடிவுகளும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்து இரண்டு.

முதலாவது மெட்ரோ. 2012 ஜூலையில் மன்றத்தின் ஒன்பது பேரும் ஒரே கட்சி, குடியரசுக் கட்சி. அப்படியும் வாஷிங்டன் மெட்ரோவின் வெள்ளித் தடத்தை லவுடனுக்குள் கொண்டுவருவதா என்ற ஓட்டு 5-க்கு 4 என்று முடிந்தது. ஒரே ஒருவர் மனம் மாறியிருந்தால் இன்றைக்கு ஆஷ்பர்னில் ரயில் நிலையம் இல்லை. கட்டுமானச் செலவில் லவுடனின் பங்கு 4.8 சதவீதம், அப்புறம் வருஷா வருஷம் ஓட்டுவதற்கான செலவில் ஒரு பங்கு, அது என்றைக்கும். நிலையங்களைச் சுற்றி எல்லை போட்டு அங்கே தனி வரியும் வைத்தார்கள். ரயில் வந்தது 2022 நவம்பர் 15-இல், ஓட்டுப்போட்டுப் பத்து வருஷம் கழித்து. அதற்குள் கொரோனா வந்து பாதி ஊர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியிருந்தது. வீண் செலவா? நான் வாரம் இரண்டு நாள் அதில் போகிறேன், ஆகவே என்னைக் கேட்காதீர்கள். மேற்குப் பக்கம் பண்ணை வைத்திருப்பவரைக் கேட்டால் வேறு பதில் வரும், அவர் சொல்வதும் தப்பில்லை.

இரண்டாவது டேட்டா சென்டர், அதாவது இணையத்தை ஓட்டும் கணினிகளை அடுக்கிவைத்திருக்கும் கட்டடங்கள். இதைத்தான் அன்று அதிக நேரம் பேசினோம்.

வாக்ஸ்பூல் சாலையில் போனால் இரண்டு பக்கமும் ஜன்னல் இல்லாத பிரம்மாண்டப் பெட்டிகள். கவுன்ட்டி முழுக்க சுமார் 200. உலக இணையப் போக்குவரத்தில் 70 சதவீதம் இந்த வழியாகத்தான் போகிறது என்று ஒரு கதை உண்டு, விருந்துகளில் எல்லாரும் சொல்வார்கள், யார் நின்று எண்ணினார்கள் என்று நான் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதை விடுங்கள். வரிக் கணக்கில் முக்கியம் அந்தக் கட்டடம்கூட இல்லை, உள்ளே இருக்கும் கணினிகள். வர்ஜீனியாவில் வியாபாரக் கருவிகளுக்கும் உள்ளாட்சி வரி உண்டு, அதன் விகிதம் 100 டாலருக்கு 4 டாலருக்கு மேல். வீட்டுக்கு 80, 90 சென்ட் என்றால் கணினிக்கு நாலு டாலர். ஒரு பெட்டிக்குள் எத்தனை கோடி டாலர் கணினி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2025 நிதியாண்டில் டேட்டா சென்டர்களிடமிருந்து மட்டும் சுமார் 89 கோடி டாலர் வரும் என்று கவுன்ட்டி கணக்குப் போட்டிருந்தது. எல்லாச் சொத்து வரிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய பாதி. அந்தப் பெட்டிகள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை, ஆம்புலன்ஸ் கூப்பிடுவதில்லை, நூலகத்தில் புத்தகம் எடுப்பதில்லை. அவற்றுக்கு ஒரு டாலர் செலவு செய்தால் 26 டாலர் திரும்ப வருகிறது என்பது கவுன்ட்டியின் பொருளாதார வளர்ச்சித் துறை சொல்லும் கணக்கு.

வீட்டு வரி விகிதம் 2012-இல் 1 டாலர் 23.5 சென்ட்டாக இருந்தது 2025-இல் 80.5 சென்ட்டுக்கு இறங்கியதற்கு வீட்டு விலை ஏறியது ஒரு காரணம், இந்தப் பெட்டிகள் இன்னொரு காரணம். 2024-இல் என் வீடு 7 லட்சத்து 30 ஆயிரம், விகிதம் 86.5 சென்ட், வரி 6,314. 2025-இல் வீடு 7 லட்சத்து 70 ஆயிரத்துக்கு ஏறியும் வரி 6,198. இந்தத் தடவை நிஜமாகவே குறைந்தது. 116 டாலர்.

அந்த 116 டாலருக்கு என்ன கொடுத்தோம் என்பது ரசீதில் இருக்காது. இரவில் ஜன்னலைத் திறந்தால் கேட்கும் ரீங்காரம் இருக்காது. 2022-இல் கிழக்கு லவுடனில் புதுப் பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்கக் கம்பித்தடம் போதாது என்று டொமினியன் மின் நிறுவனம் கையை விரித்தது இருக்காது. அதற்காக வீடுகளுக்குப் பக்கத்தில் உயர் அழுத்தக் கோபுரம் வருகிறது என்று லான்ஸ்டவுன் பக்கத்து மக்கள் பூமிக்கடியில் போடு என்று போராடியதும் இருக்காது. அந்தக் கம்பி எந்த வழியாகப் போகும் என்ற முடிவு ரிச்மண்ட் ஆணையத்தின் மேஜை, ஆனால் கம்பி தேவைப்பட்டதே நிலத்தை அனுமதித்த லீஸ்பர்க் மேஜையால்தான். சில மண்டலங்களில் நிலம் இருந்தால் போதும், மன்றத்திடம் தனியாகக் கேட்காமலேயே டேட்டா சென்டர் கட்டலாம் என்று வெகுகாலம் இருந்தது. 2025 மார்ச்சில்தான் அந்த வழியை மன்றம் அடைத்தது. இனி ஒவ்வொன்றும் மன்றத்தின் முன் வந்து, மக்கள் கருத்தைக் கேட்டுத்தான். தாமதம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அன்றைக்கு 'வரியைக் குறை' என்று சொன்ன கூட்டத்தில் நானும் இருந்தேன், அதனால் குரலை உயர்த்த முடியவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. நிலத்தின் விலை போல் கணினியின் விலை நிற்காது, வருஷா வருஷம் தேய்கிறது. அந்த நிறுவனங்கள் கருவியை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் இந்த வருமானம் நிற்கும். நம் பிள்ளைகளின் ஆசிரியர் சம்பளம் கலிஃபோர்னியாவில் யாரோ எப்போது புதுக் கணினி வாங்குகிறார்கள் என்பதில் தொங்குகிறது.

"ஒரே பயிரு போட்டவன் நிலைமை" என்றார் அப்பா. டெல்டாக்காரர்.

தம்பி விடவில்லை. மதிப்பீட்டை எதிர்த்து முறையிடலாமா என்றார். முறையிடலாம், நான் ஒரு தடவை போய் மண்ணைக் கவ்வினேன். இணையத்தில் எடுத்த விலைப் படத்தை அச்செடுத்துக்கொண்டு போய், வரி தாங்க முடியவில்லை என்று ஆரம்பித்தேன். மதிப்பீட்டு அலுவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வரி எவ்வளவு என்பது தன் வேலையில்லை என்றும், ஜனவரி 1-ஆம் தேதி இந்த வீடு இந்த விலைக்குப் போகுமா போகாதா என்பது மட்டும்தான் கேள்வி என்றும் சொன்னார். போகும் என்று எனக்கே தெரியும். பக்கத்தில் அதே மாதிரி வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று மூன்று நாலு பத்திரம் கொண்டுபோயிருந்தால், அல்லது முடிக்காத பேஸ்மென்ட்டை முடித்ததாக அவர்கள் பதிந்திருந்தால், வாதம் இருந்திருக்கும். 65 வயது தாண்டியவர்களுக்கு வரி நிவாரணம் உண்டு, வருமானத்துக்கும் சொத்துக்கும் உச்சவரம்பு வைத்து. ஆனால் வீடு அவர்கள் பெயரில் இருக்க வேண்டும். அப்பாவைக் காட்டி வாங்க முடியாது, கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

2025 பட்ஜெட் சமயத்தில் தம்பியை லீஸ்பர்க்கில் பொது விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா அதற்குள் ஊருக்குப் போய்விட்டார். இருந்திருந்தால் ரசித்திருப்பார், கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது பின்வரிசையில் நின்று சிரிப்பவர்களை முப்பது வருஷம் பார்த்தவர். ஹாரிசன் தெருவில் இருக்கும் அரசு மையம், ஒன்பது பேரும் அரைவட்டமாக உட்கார்ந்திருக்க, பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக மைக் முன்னால். வரி குறை என்று சொல்ல வந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். ஆசிரியர்கள், தீயணைப்பு வீரர்கள், மனநல சேவைக்குக் காத்திருப்போர் பட்டியலில் பிள்ளையை வைத்திருக்கும் ஒரு அம்மா. அவர் பேசி முடித்ததும் அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. ஒரு சென்ட் விகிதம் என்றால் கவுன்ட்டிக்கு ஒரு கோடி டாலருக்கு மேல். எனக்கு வருஷத்துக்கு 77 டாலர். அந்த 77-ஐ வீட்டில் உட்கார்ந்து திட்டுவது சுலபம், அந்த அம்மாவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து திட்டுவது கொஞ்சம் கஷ்டம். அதற்காகக் கேள்வி கேட்கக்கூடாது என்றில்லை. ஆலோசகர்களுக்குப் போகும் பணத்தைப் பற்றி ஒரு பெரியவர் பக்க எண்ணோடு கேட்டார், மன்றத்தில் இரண்டு பேர் குறிப்பு எடுத்தார்கள். பக்க எண்ணோடு கேட்டால் மதிப்பே வேறு.

தம்பியின் முறை வந்தது. ஒரு வாரமாகத் தயார் செய்திருந்தார், காகிதம் கை நடுக்கத்தில் படபடத்தது. நன்றாகவே ஆரம்பித்தார். நடுவில் என்ன தோன்றியதோ, காகிதத்தை மடித்துவிட்டு, தன் வீட்டு வாசல் சந்தில் இருக்கும் பள்ளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் தலையில் கை வைத்தேன். நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது, நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில் ஏழாம் எண் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். அப்புறம், "அது எச்.ஓ.ஏ. சந்து இல்ல அண்ணா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"எச்.ஓ.ஏ. கூட்டம் எப்ப?"

தெரியவில்லை. ஆள் சேராமல் இரண்டு முறை தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.